வெல்டு விரிகிறதா, டிரில் இறங்கவில்லையா, கம்பி ஒடிகிறதா: எந்த இரும்பு என்று பார்த்துப் பழுது நீக்கும் முறை

ஒட்டிய இடத்திலேயே மறுபடி விரிந்து பட்டறைக்குத் திரும்பும் வேலைகளில் பலவற்றுக்குக் காரணம் ராடும் இல்லை, மெஷினும் இல்லை. கையில் இருப்பது எந்த இரும்பு என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கியதுதான். பம்பு கேசிங்கும் இரும்பு, கேட் பட்டையும் இரும்பு, லாரி ஸ்பிரிங் பட்டையும் இரும்பு. மூன்றையும் ஒரே 6013 ராடால் (சாதா வெல்டிங் ராடு) ஒட்டினால் கேட் நிற்கும், மற்ற இரண்டும் விரியும். விலை உயர்ந்த ராடு வாங்க ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இரும்பை அடையாளம் காணுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: இது என்ன இரும்பு?

வகைகளைப் பிரிப்பது பெரும்பாலும் கார்பனின் அளவுதான். பழைய காலத்துத் தேனிரும்பில் கார்பன் 0.1 சதவீதத்துக்கும் கீழே. உள்ளே கசடு இழை இழையாக ஓடும். ஆங்கிள், சேனல், பட்டை என்று கடையில் வாங்கும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா எஃகு) 0.25 சதவீதத்துக்குள் இருக்கும். ஷாப்டுக்குப் போடும் இ.என். 8 என்ற தர எஃகு சுமார் 0.4. ஸ்பிரிங் பட்டை 0.5 முதல் 0.6. அரம், உளி எல்லாம் 0.6-ஐத் தாண்டி 1 சதவீதத்துக்கு மேலும் போகும். வார்ப்பிரும்பில் 2 சதவீதத்துக்கு மேல், வழக்கமாக 3-ஐ ஒட்டி. எவர்சில்வர் தனிக் கணக்கு: குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அந்தப் பெயர்.

இதைப் பட்டறையிலேயே கண்டுபிடிக்க நான்கு வழிகள் போதும்.

சீவல். மறைவான இடத்தில் உளி வைத்துத் தட்டுங்கள், அல்லது சின்ன டிரில் போட்டுப் பாருங்கள். எம்.எஸ். சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்பு கருந்தூளாகவும் பொடித் துணுக்காகவும் உதிரும். சந்தேகமே வராத சோதனை இது. முதலில் இதைச் செய்யுங்கள்.

முறிந்த முகம். சாதா வார்ப்பு சாம்பல் நிறமாக இருக்கும், விரலால் தேய்த்தால் கருப்பு ஒட்டும். அது கிராபைட். முகம் வெள்ளையாகப் பளபளத்தால் அது வெள்ளை வார்ப்பிரும்பு. அதில் டிரில்லும் இறங்காது, வெல்டும் நிற்காது.

ஓசை. தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினால் சாதா வார்ப்பு மந்தமாக ஒலித்து அடங்கிவிடும். எஃகு கணீரென்று இழுக்கும். வார்ப்பு போலத் தெரிந்தும் கணீரென்று ஒலித்தால் அது எஸ்.ஜி. அயர்னாக இருக்கலாம். உருக்கும்போது மெக்னீசியம் சேர்த்து கிராபைட்டை உருண்டையாக்கிய வார்ப்பு அது. சாதா வார்ப்பைவிட அடி தாங்கும்.

தீப்பொறி. கிரைண்டரில் லேசாகத் தொடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. எம்.எஸ். நீளமான மஞ்சள் கோடுகளைத் தரும், நுனியில் ஒன்றிரண்டு பிளவு. கார்பன் ஏற ஏறக் கோடு குறுகி, வெடிப்பு கூடும். பழைய அரத்தைத் தொட்டால் சக்கரத்தின் அருகிலேயே பொரிந்து தள்ளும். வார்ப்பிரும்பில் பொறி குட்டை, சக்கரத்தருகே மங்கிய சிவப்பு. எவர்சில்வரில் ஆரஞ்சு நிறக் கோடு, வெடிப்பு குறைவு. நிறத்தை மனதில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு எம்.எஸ். துண்டு, ஒரு பழைய அரம், உடைந்த பம்பு கேசிங் துண்டு, ஒரு எவர்சில்வர் துண்டு என்று நான்கையும் கிரைண்டர் பக்கத்திலேயே வைத்து, அதே சக்கரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காந்தம் இவற்றுக்குத் துணை மட்டும். எம்.எஸ்., கார்பன் எஃகு, வார்ப்பு எல்லாவற்றிலும் அது ஒட்டும்.

## அறிகுறி 1: வெல்டு ஆறும்போது ‘டிக்’ சத்தம், வெல்டை ஒட்டியே விரிசல்

### சீவலில் தூள் வந்தால் (வார்ப்பிரும்பு)

பம்பு கேசிங், மோட்டார் கால், பழைய தையல் மெஷின் ஸ்டாண்டு, கிரைண்டர் பாடி எல்லாம் இந்த வகை. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

*எண்ணெய்.* வார்ப்பு பல வருடம் எண்ணெய் குடித்திருக்கும். மேலே துணியால் துடைத்தால் போதாது. புளோ டார்ச்சால் மெதுவாகச் சுட்டு, புகை நிற்கும்வரை எண்ணெயை வெளியே வரவழைத்து, பிறகு துடையுங்கள்.

*விரிசலின் முனை தப்பியது.* கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் விரிசல் ஓடியிருக்கும். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி பூசிக் காத்திருங்கள். விரிசல் இருக்கும் கோட்டில் பொடி ஈரமாகும். அந்தக் கோட்டின் இரு முனைக்கும் சற்று அப்பால் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்திவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொடங்க வேண்டும். இந்தத் துளையை விட்டுவிட்டு எவ்வளவு நல்ல ராடு போட்டாலும் விரிசல் மறுபக்கம் நடந்துகொண்டே போகும்.

*ஒரே மூச்சில் நீளமாக ஓட்டியது.* பட்டறைகளில் அதிகம் நடப்பது இதுதான். வார்ப்பிரும்பு இழுவிசை தாங்காது. வெல்டு ஆறிச் சுருங்கும்போது பக்கத்து இரும்பு நீண்டு கொடுக்க வேண்டும். அதற்கு நீளத் தெரியாது, விரியத்தான் தெரியும். ஆகவே 25 மி.மீ. மட்டும் ஓட்டுங்கள். சூடு இருக்கும்போதே உருண்டை முனைச் சுத்தியால் வெல்டின் மேல் லேசாகக் கொத்துங்கள். வெறும் கை வைக்கும் அளவு ஆறிய பிறகு, முதல் துண்டிலிருந்து தள்ளி வேறு இடத்தில் அடுத்த 25 மி.மீ. போடுங்கள். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. வார்ப்பு வேலைக்கு வேறு சுருக்குவழி இல்லை.

*தவறான ராடு.* 6013 போன்ற எம்.எஸ். ராடு வார்ப்பிலிருந்து கார்பனை இழுத்துக்கொண்டு, ஆறியதும் கெட்டியாகி விரியும். நிக்கல் ராடு வாங்குங்கள். மெல்லிய வார்ப்புக்கும், பிறகு கடைசல் வேலை இருக்கும் இடத்துக்கும் 99 சதவீத நிக்கல். கனமான வார்ப்புக்கும், எஸ்.ஜி. அயர்னுக்கும், வார்ப்போடு எம்.எஸ். துண்டைச் சேர்க்கவும் 55 சதவீத நிக்கல்-இரும்பு ராடு. எம்.எஸ். ராடைவிட விலை பல மடங்கு அதிகம், அதனால்தான் இதை முதல் மூன்றுக்கும் பிறகு வைத்தேன். மேலே சொன்ன மூன்றையும் செய்யாமல் நிக்கல் ராடு மட்டும் மாற்றினால் பணம்தான் வீண்.

*எரிந்த வார்ப்பு.* அடுப்புச் சட்டம், கொதிகலன் தட்டு போலப் பல வருடம் நெருப்பில் கிடந்தது என்றால் உள்ளே கிராபைட் எரிந்து ஆக்சைடு ஏறியிருக்கும். வெல்டு பிடிக்காமல் உருண்டு விழும். புதியது வார்த்துக்கொள்வதே வழி.

வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஃபேனுக்கு அடியில் வைக்கக் கூடாது. உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

எப்போது நிபுணரிடம்: சிலிண்டர் ஹெட், எஞ்சின் பிளாக், பேரிங் உட்காரும் கியர்பாக்ஸ் வீடு என்றால் சாதாரண வெல்டிங் பட்டறையில் கை வைக்காதீர்கள். முழு வார்ப்பையும் 500–600 டிகிரி வரை சூடேற்றி ஒட்டும் உலையோ, வெல்டிங்கே இல்லாமல் உலோகத் தையல் போடும் ஆளோ வேண்டும். ஒருமுறை எம்.எஸ். ராடால் கெடுத்துவிட்ட வார்ப்பை அவர்களாலும் மீட்பது கடினம்.

### சீவலில் சுருள் வந்து, தீப்பொறி அதிகமாக வெடித்தால் (கார்பன் கூடிய எஃகு)

முதலில் ராடைப் பாருங்கள். ஈரம் ஏறிய ராடிலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போகும். அன்று மாலை நன்றாக இருந்த வெல்டு அடுத்த நாள் காலையில் விரிந்திருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்; இந்த விரிசல் இரண்டு நாள் கழித்தும் வரும். 7018 ராடை (ஹைட்ரஜன் குறைவான வகை) பாக்கெட்டில் சொல்லியுள்ள சூட்டில் ஓவனில் காயவைத்து எடுங்கள். வெயிலில் வைத்தால் போதாது.

அடுத்தது, சூடேற்றாமல் குளிர்ந்த எஃகில் ஓட்டியது. இ.என். 8 என்றால் ஒட்டும் இடத்தையும் சுற்றுப்புறத்தையும் 150–200 டிகிரிக்குக் கொண்டுவந்து, 7018 ராடால் ஒட்டி, மணலிலோ சாம்பலிலோ ஆறவிடுங்கள். இ.என். 9 போலக் கார்பன் கூடினால் சூடும் கூட வேண்டும்.

ஸ்பிரிங் பட்டையை ஒட்டவே கூடாது. ஒட்டினால் பதம் (சுட்டுத் தோய்த்து ஏற்றிய வலு) போய், ஒட்டிய இடத்துக்கு அடுத்தே ஒடியும். லாரியிலோ டிராக்டர் டிரைலரிலோ சுமை ஏற்றி ஓடும் பட்டை அது; புதிய பட்டை மாற்றுங்கள்.

எப்போது நிபுணரிடம்: ஸ்டியரிங், பிரேக், அச்சு, பாரம் தூக்கும் கொக்கி, கேஸ் சிலிண்டர், காற்று அழுத்தத் தொட்டி. இவற்றில் விரிசலைக் கண்டால் ஒட்ட முயலாதீர்கள்.

## அறிகுறி 2: வெல்டில் ஓட்டை ஓட்டையாக, வெள்ளைப் புகை

ஜி.ஐ. பைப் அல்லது ஜி.ஐ. தகடு. உள்ளே இருப்பது எம்.எஸ். தான், மேலே துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஃகு உருகுவதற்கு 1,500 டிகிரியை ஒட்டி வேண்டும். கொதித்த ஆவிதான் ஓட்டையும் புகையும். ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் 25 மி.மீ. அளவுக்குப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் துத்தநாகப் பெயிண்ட் அடியுங்கள்.

பூச்சே இல்லாத எம்.எஸ்.ஸில் ஓட்டை வந்தால்: துரு, பெயிண்ட், எண்ணெய், ஈர ராடு என்ற வரிசையில் பாருங்கள்.

அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்பாதீர்கள். நுரையீரலுக்குள் போனதைப் பால் எடுக்காது. காற்றோட்டமான இடமும் புகைக்கான முகமூடியும்தான் காக்கும். மூச்சு இறுகினாலோ, ஓரிரு நாளில் காய்ச்சல் தணியாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய், என்ன ஒட்டினீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: டிரில் இறங்கவில்லை, பிட் முனை நீலமாகிறது

முதலில் பிட்டைத் தீட்டுங்கள், வேகத்தைக் குறையுங்கள். 10 மி.மீ. பிட்டுக்கு எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 800 சுற்று சரி. எவர்சில்வரில் 400–500 போதும். அதற்கும் இறங்காவிட்டால்:

காந்தம் ஒட்டவில்லை, மேற்பரப்பு பளபளப்பு. 304 அல்லது 202 தர எவர்சில்வர். தொட்டும் தொடாமலும் அழுத்தினால் பிட் உரசி, உரசிய இடமே கெட்டியாகிவிடும். மெதுவான வேகம், விடாத அழுத்தம், கட்டிங் ஆயில். கெட்டியாகிவிட்ட துளைக்கு கோபால்ட் பிட் தேவைப்படும்.

காந்தம் ஒட்டவில்லை, மேற்பரப்பு கருப்பு, கனமான வார்ப்பு. கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தட்டாக இருக்கலாம். 12–14 சதவீதம் மாங்கனீசு கலந்த எஃகு இது, 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்தது. அடிக்க அடிக்கக் கெட்டியாகும் குணத்துக்காகத்தான் கிரஷரில் போடுகிறார்கள். இதில் டிரில் போட முயன்று பிட்டுகளை இழக்காதீர்கள். துளை அவசியமென்றால் பிளாஸ்மா கட்டிங் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

வார்ப்பு, மேல்தோல் மட்டும் கெட்டி. அச்சில் சீக்கிரம் ஆறிய தோல் வெள்ளை இரும்பாகியிருக்கும், மணலும் ஒட்டியிருக்கும். கிரைண்டரால் 2 மி.மீ. எடுத்துவிட்டுப் போடுங்கள்.

பழைய வெல்டுக்குப் பக்கத்தில் மட்டும் கெட்டி. யாரோ எம்.எஸ். ராடால் வார்ப்பை ஒட்டியிருக்கிறார்கள். அந்த வெல்டை முழுவதும் தோண்டி எடுத்து, அறிகுறி 1-இல் சொன்னபடி நிக்கல் ராடால் மறுபடி கட்ட வேண்டும்.

## அறிகுறி 4: வளைத்தால் ஒடிகிறது அல்லது உரிகிறது

### கட்டட முறுக்குக் கம்பி

பெரும்பாலும் கம்பியில் குற்றமில்லை, வளைத்த விதத்தில்தான். எஃப்.இ. 500 (வலுவைக் காட்டும் தர எண்) கம்பியில் 20 மி.மீ. வரை, வளைக்கும் உருளையின் விட்டம் கம்பி விட்டத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 16 மி.மீ. கம்பிக்கு 64 மி.மீ. உருளை. மெல்லிய ஆணியைச் சுற்றி மடக்கினால் வெளிப்பக்கம் விரியும். வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைப்பதும் அதே கேடுதான்.

கம்பியைச் சிவக்கச் சுட்டு வளைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தக் கம்பியின் வலு, ஆலையில் தண்ணீர் பாய்ச்சிக் கெட்டிப்படுத்திய வெளி வளையத்தில் இருக்கிறது. சுட்டால் அது போய்விடும். ஒடியாமல் வளைந்துவிடும், ஆனால் எஃப்.இ. 500 என்று கணக்குப் போட்ட தூணில் அந்த வலு இருக்காது. இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சரியான உருளையில், முதல் வளைவிலேயே விரிந்தால் கம்பியின் மேல் உள்ள ஆலைக் குறியையும் தர எண்ணையும் பாருங்கள். குறியே இல்லாவிட்டால் அந்தக் கட்டை ஒதுக்கிவையுங்கள். குறி இருந்தும் விரிந்தால் பொறியாளரிடம் சொல்லி ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிலைப்படி வளைவுச் சோதனைக்கும் இழுவைச் சோதனைக்கும் மாதிரி அனுப்புங்கள். நிலநடுக்க மண்டலங்களில், அல்லது வளைவு அதிகம் தேவைப்படும் இடங்களில், இன்னும் நீண்டு கொடுக்கும் 500 டி தரத்தை வாங்குவது நல்லது; 500-க்குக் குறைந்தபட்ச நீட்சி (முறியும் முன் நீளும் அளவு) 12 சதவீதம், 500 டி-க்கு 16.

### பழைய வீட்டுக் கேட், சன்னல் கம்பி

வளைக்கும்போது ஒடியாமல் நீளவாக்கில் பட்டை பட்டையாக உரிந்தால் அது தேனிரும்பாக இருக்கலாம். ஒரு துண்டின் ஒரு பக்கத்தில் வாளால் பாதி அறுத்து, வெட்டு வெளிப்பக்கம் இருக்கும்படி வளையுங்கள். முறிவு மூங்கில் பிளந்ததுபோல நார் நாராக வந்தால் தேனிரும்பேதான். பாரிசின் ஐஃபல் கோபுரம் 1889-இல் எழுந்தது இந்த வகை இரும்பில்தான். தொடர்ந்து பெயிண்ட் அடித்துக் காக்கிறார்கள், இன்றும் நிற்கிறது. இந்த இரும்பு இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது என்பதால் பழைய கேட்டை எடைக்குப் போடாதீர்கள். சிவப்பைத் தாண்டி மஞ்சளாகும் அளவு நன்றாகச் சூடேற்றி வளைத்தால் எளிதில் உரியாது. குளிர்ந்த நிலையில் வளைக்காதீர்கள். கொல்லுப்பட்டறை வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 5: அரிவாள், உளி முனை நிற்கவில்லை

இரண்டு எதிரெதிரான அறிகுறிகள் இங்கே ஒன்றாகச் சேர்ந்து குழப்பும்.

முனை மடங்குகிறது, மழுங்குகிறது. தீட்டியபோது சூடேறி முனை நீலமாகியிருந்தால் பதம் போய்விட்டது. நீலமான பகுதியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தீட்டி எடுத்தால் சரியாகும். அதற்கும் நிற்காவிட்டால் தோய்த்தபோது (சிவக்கச் சுட்டுத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கியபோது) சூடு போதவில்லை. சிவந்த இரும்பில் காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி வாக்கில். அதைத் தாண்டிச் சற்றுச் சூடேற்றித் தோய்க்க வேண்டும். மூன்றாவது, எம்.எஸ். பட்டையில் செய்த அரிவாள். கார்பன் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை தோய்த்தாலும் சொல்லும்படியாகக் கெட்டிப்படாது. தீப்பொறி பாருங்கள், வெடிப்பு இல்லையென்றால் உழைப்பை வீணாக்காமல் வேறு இரும்புக்கு மாறுங்கள்.

முனை பெயர்கிறது, தோய்க்கும்போதே விரிகிறது. கார்பன் கூடிய எஃகைத் தண்ணீரில் தோய்த்திருப்பீர்கள். ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய் போதும். எண்ணெயில் தோய்த்தும் முனை பெயர்ந்தால் தோய்த்த பிறகு பதம் இறக்கவில்லை (லேசாக மறுபடி சுட்டு நொறுங்கும் தன்மையைக் குறைக்கவில்லை). முனையைப் பளபளப்பாகத் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடு ஏற்றிப் பாருங்கள். மஞ்சள், பிறகு ஊதா, பிறகு நீலம் என்று நிறம் ஓடும். மஞ்சள் 220–230 டிகிரி, நீலம் 300-ஐ ஒட்டி. அடி வாங்கும் உளிக்கு ஊதாவில் நிறுத்துங்கள். கூர்மை மட்டும் வேண்டிய கத்திக்கு மஞ்சளில் நிறுத்தலாம்.

## அறிகுறி 6: எவர்சில்வரில் துரு

கிரில் போட்ட சில வாரங்களில் புள்ளிப் புள்ளியாகத் துரு என்றால், முதலில் எம்.எஸ். அறுத்த அதே கிரைண்டர் சக்கரத்தால் இதையும் தேய்த்தார்களா என்று கேளுங்கள். பதிந்த இரும்புத் தூள்தான் துருப்பிடிக்கிறது. பிக்கிளிங் பேஸ்ட் (அமிலப் பசை) தடவி, கையுறையோடு கழுவினால் போய்விடும். வெல்டு ஓரத்தில் மட்டும் துரு என்றால் வெல்டு சூட்டில் ஏறிய நிறத்தை நீக்காமல் விட்டிருக்கிறார்கள், அதே மருந்துதான்.

இரண்டும் இல்லையென்றால் தரம். 304-இல் 18 சதவீத குரோமியம், 8 சதவீத நிக்கல். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், அதனால் விலையும் குறைவு. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள், 202-லும் ஒட்டாது. சொட்டு மருந்தும் 9 வோல்ட் பேட்டரியும் கொண்டு நிறம் பார்க்கும் சோதனை பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். அது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். கடற்கரையோர வீடு என்றால் 304-உம் உப்புக் காற்றில் புள்ளி விழும். மாலிப்டினம் சேர்ந்த 316 போடுங்கள்.

## அறிகுறி 7: ஷாப்ட் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி முறிகிறது

புது ஷாப்ட் கடைந்து போட்டும் அதே இடத்தில் முறிந்தால், முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாக, வளைவுக் கோடுகளோடு, மீதி சொரசொரப்பாக இருந்தால் அது ஒரே அடியில் முறிந்ததல்ல. நாளாக நாளாக விரிசல் வளர்ந்து, கடைசியில் விட்டிருக்கிறது. அப்படியென்றால்:

முதலில் பெல்ட் இறுக்கமும் கப்ளிங் நேர்கோடும். செலவில்லாத சோதனை. அடுத்தது பேரிங் தேய்மானம். மூன்றாவதாக, சாவிக் காடியின் (புல்லியைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) மூலையும் ஷாப்ட் விட்டம் மாறும் தோளும் கத்தி போலக் கூர்மையாகக் கடையப்பட்டிருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். தோளில் வளைவு விட்டுக் கடையச் சொல்லுங்கள். நான்காவது, தேய்ந்த இடத்தை வெல்டு போட்டு நிரப்பிக் கடைந்திருப்பது, இ.என். 8-இல் சூடேற்றாமல் செய்திருந்தால் அடியில் விரிசல் ஒளிந்திருக்கும்.

கடைசியாக இரும்பே மாறியிருப்பது. பளபளப்பான எம்.எஸ். பிரைட் பாரும் இ.என். 8-உம் கண்ணுக்கு ஒன்றுதான். தீப்பொறியில் வித்தியாசம் தெரியும். உறுதி வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரோ சோதனைக் கூடத்தில் ஒரு துண்டு கொடுத்தால் கார்பன், மாங்கனீசு, குரோமியம் எல்லாம் சதவீதத்தில் வந்துவிடும். கோவை போன்ற பம்பு, வார்ப்படத் தொழில் ஊர்களில் இந்த வசதி உண்டு. அடுத்த முறை பார் வாங்கும்போது ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தும் சரியாக இருந்தும் முறிந்தால் வடிவமைப்புப் பொறியாளரிடம் போக வேண்டிய நேரம். முறிந்த இரண்டு துண்டுகளையும் எண்ணெய் தடவித் தனித்தனித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். முகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். அந்தக் கோடுகள் நசுங்கிவிட்டால் விரிசல் எங்கே தொடங்கியது என்று அவரால் சொல்ல முடியாது.